ஐந்து அங்குலம்

காலை ஏழரை மணிக்கு டீத் தட்டை ஏந்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பிய ராய்டன், கூடத்தின் மூன்றாவது உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, "ஐயோ, மன்னிக்கணும்" என்றார். உத்தரத்திடம்தான் சொன்னார். வேறு யாரும் அங்கே இல்லை. மாடியில் படுத்திருந்த ஏவ்ரில் சத்தத்தை வைத்தே எந்த உத்தரம் என்று தெரிந்துகொண்டாள். முதல் உத்தரம் என்றால் ஒரு மொட்டைச் சத்தம் வரும். ஐந்தாவது என்றால் அதன் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பீங்கான் தட்டுகள் லேசாக அதிரும். மூன்றாவதில் சத்தமே அதிகம் கேட்காது, அவர் மன்னிப்புக் கேட்கிற குரல் மட்டும் மேலே வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட எந்த உத்தரத்தையும் திட்டியதில்லை.

"சிந்திடுச்சா?" என்றாள், தட்டோடு உள்ளே வந்தவரிடம்.

"ஒரு சொட்டு. தட்டுலதான்."

"நான் தட்டைக் கேக்கல. நெத்தியக் காட்டு."

அவர் குனிந்து காட்டினார். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டாள். இரண்டு பேருக்கும் இது பழகிப்போயிருந்தது.

மெல்ஷம் கிராமத்தில் இந்த வீட்டை இன்றைக்கும் மால்ட் ஆலை என்றுதான் சொல்வார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் சுற்றுவட்டாரத்து வயல்களின் பார்லியைக் கொண்டுவந்து ஊறவைத்து, இந்த நீளக் கூடத்தின் தரையில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி முளைவிடச் செய்து, பிறகு கோடியில் இருக்கும் சூளையில் வாட்டி மால்ட்டாக்கி, பீர் காய்ச்சுகிறவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முளைவிடுகிற தானியத்தை மரத் துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் குனிந்துதான் செய்ய முடியும் என்பதால், கட்டியவர்கள் ஆள் நிமிர்ந்து நிற்பதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. சூளை மட்டும் வேறு மாதிரி. சதுரமாக எழும்பி, நாலு பக்கமும் சாய்ந்து உச்சியில் ஒன்றுகூடும் செங்கல் கோபுரம் அது. அதன் தலையில் காற்று அடிக்கும் பக்கமெல்லாம் திரும்புகிற வெள்ளை மரக் குல்லாய். அந்தச் சூளையின் மேல்பாதிதான் இப்போது படுக்கையறை. ஆறடி நாலங்குலம் உயரமுள்ள ராய்டன் இந்த வீட்டில் முழுசாக நிமிரக்கூடிய இடம் அது ஒன்றுதான். காலையில் சட்டை பொத்தான்களைப் போட அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஏவ்ரில் கவனித்திருக்கிறாள். ஜன்னல் முன்னால் தோளை விரித்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போடுவார். பிறகு படியிறங்கும்போதே தோள் மடங்கிவிடும். சாயங்காலம் வரை மடங்கியே இருக்கும்.

வீட்டைக் கட்டியது, அதாவது ஆலையை வீடாக மாற்றியது, ஏவ்ரிலின் முதல் கணவன் ஹெட்லி. எண்பத்தெட்டில் அவர்கள் இதை வாங்கியபோது கூரையில் பாதி இல்லை, புறாக்கள் மட்டும் இருந்தன. முற்றத்தில் ஒரு கேரவனை நிறுத்தி அதில் ஆறு குளிர்காலம் இருந்தார்கள். மகள் பிரையனி பிறந்து நடக்கப் பழகியது அந்தக் கேரவனில்தான். ஹெட்லி பகலில் கவுன்சிலுக்காகச் சாலைகளை அளக்கிற வேலைக்குப் போவான், திரும்பி வந்து ஒரு தட்டு பீன்ஸைத் தின்றுவிட்டு ஆலைக்குள் நுழைவான். கூரை, ஜன்னல், படி எல்லாம் அவன் கையால் வந்தவை. கடைசியாகப் போட்டது கூடத்தின் தரை. எண்பத்தேழு புயலில் விழுந்த ஓக் மரங்களை அறுத்து வாங்கி, முற்றத்தில் அடுக்கி, ஐந்தாறு வருடம் காயவிட்டு, பிறகு இரண்டு குளிர்காலம் பலகை பலகையாக இழைத்துப் போட்டான். பழைய தளத்தை அப்படியே விட்டு, அதன்மேல் சட்டங்கள், நடுவில் குளிர் தடுக்கும் பஞ்சு, அதன்மேல் ஓக். பிரையனிக்கு அப்போது நாலு வயது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் மூடுகிற மரக்குமிழை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை.

ஹெட்லி இறந்து ஆறு வருடம் ஆகிறது. தோட்டத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் கழித்து, மாதா கோயில் மணிக்கூண்டில், ஆறு மணிகளை ஆறு பேர் சேர்ந்து இழுக்கிற குழுவில் ஆள் குறைகிறது என்று ஏவ்ரில் போய்ச் சேர்ந்தாள். அங்கே பெரிய மணியை இழுப்பவர் ராய்டன். முப்பத்துநாலு வருடம் சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர், குழந்தைகள் இல்லை. கடற்கரை ஊரில் ஒரு அக்கா. அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஏவ்ரிலின் கயிறு கைமீறிப் போன முதல் நாள், பக்கத்தில் வந்து நின்று, "கயித்தப் பாக்காத. சத்தத்தக் கேளு, கை தானா வரும்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

கல்யாணத்தன்று பப்பில் யாரோ கத்தினார்கள்: "ஏவ்ரில், இவ்வளவு நீளமா ஆள எடுக்கறதுக்கு முன்னாடி வீட்ட அளந்து பாத்திருக்கலாம்ல?" எல்லோரும் சிரித்தார்கள். ராய்டனும் சிரித்தார்.

முதல் மாதத்தில் அவள் சாம்பல் நிறத்தில் தடித்த ஸ்பாஞ்சு வாங்கிவந்து உத்தரங்களின் விளிம்பில் ஒட்டினாள். ஈஸ்டருக்கு நாரிச் நகரத்திலிருந்து வந்த பிரையனி வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். "வீடு மழலையர் பள்ளி மாதிரி இருக்கு" என்று சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த தடவை அவள் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் ராய்டன் எல்லாவற்றையும் தானே பிய்த்தெடுத்து, பிசினைச் சாராயம் தொட்டுத் துடைத்து, சுத்தம் பண்ணி வைத்திருந்தார். திரும்ப ஒட்டவும் விடவில்லை. "எனக்குப் பழகிடுச்சு" என்றார்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள், மதியம் தொலைபேசி அடித்தது. தோட்டத்திலிருந்து ஓடிவந்த ராய்டன் முதல் உத்தரத்தில் மோதினார். இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார், எழுந்தார், போனையும் எடுத்துப் பேசினார். ஏவ்ரில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததற்காக அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுவந்தார். அதை அந்த நேரம் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டில் அவர் வரிசையைத் தவறவிட்டார். பெரிய மணி ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக ஒலிக்க வேண்டும். அதைத் தவறவிடுவது கடினம். அவருடைய மணி நடுவில் புகுந்தது, அப்புறம் மறுபடியும் புகுந்தது. குழுத் தலைவர் நிறுத்தச் சொன்னார். "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ராய்டன் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து, "அந்த... அந்த ஆப்பிள அடுப்புல வைக்கட்டுமா?" என்று கெட்டிலைக் காட்டிக் கேட்டார். ஏவ்ரில் அவர் கையிலிருந்த கெட்டிலை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து மூளையை அழுத்திக்கொண்டிருக்கிறது என்றார்கள். அன்றைக்கே மண்டையில் ஓட்டை போட்டு அதை இறக்கினார்கள். மூன்றாம் நாள் அவருக்குக் கெட்டிலின் பெயர் திரும்ப வந்துவிட்டது. பார்க்கவந்த டாக்டர், ஸ்கேனில் பழைய ரத்தமும் இருக்கிறது, இதற்கு முன்னாலும் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார்.

"இடிச்சுக்குவேன்" என்றார் ராய்டன்.

"எத்தன தடவ?"

"நான் எண்ணல டாக்டர்."

"ரெண்டு வருஷமா" என்றாள் ஏவ்ரில். "ஒரு நாளைக்கு ஒண்ணு. சில நாள் ரெண்டு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான். அன்று சாயங்காலம் ஒரு நர்ஸ், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், வெளியே கொஞ்சம் இருக்கிறீர்களா என்று ஏவ்ரிலிடம் பணிவாகச் சொன்னாள். இரத்த அழுத்தம் பார்க்க எதற்கு வெளியே போக வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நர்ஸ் போனபிறகு ராய்டன் கட்டிலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டா தெரியுமா? வீட்டுல யாராவது உங்கள அடிக்கறாங்களான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் அடிக்கலம்மா, வீடேதான் அடிக்குதுன்னேன்."

ஏவ்ரிலும் சிரித்தாள். கார் நிறுத்துமிடத்துக்குப் போய், கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி வெகுநேரம் இருந்தாள். என்மேல் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்ற கோபம் முதலில் வந்தது. அது போனபிறகு, அந்தப் பெண் சரியான கேள்வியைத்தான் கேட்டாள் என்று தோன்றியது.

இன்னொரு தடவை தலையில் அடிபடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ராய்டன் நேராக அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அது மாடியில்லாத சிறு வீடு, எல்லாக் கதவும் உயரம். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நீயும் வந்துவிடு என்றோ, வீட்டை விற்றுவிடலாம் என்றோ அவர் சொல்லியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும், மறுக்கவாவது ஒன்று கிடைத்திருக்கும். அவர் காரில் ஏறும்போது, "தோட்டத்துல வெங்காயத்துக்கு மட்டும் தண்ணி ஊத்திடு" என்றார்.

வீட்டுக்கு வந்து ஏவ்ரில் அளக்கும் டேப்பை எடுத்தாள். ஓக் தரையிலிருந்து உத்தரத்தின் அடிவரை ஆறடி அரை அங்குலம். படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலையில் ஹெட்லி பலகை போடாமல் விட்ட இடம் உண்டு, குழாய் போகிற இடம். அங்கே கையைவிட்டுப் பழைய தளத்தைத் தொட்டு அளந்தாள். ஐந்து அங்குலம் கீழே இருந்தது. ஆறடி ஐந்தரை. ராய்டனின் தலைக்கு மேல் ஒன்றரை அங்குலம் மிச்சம்.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சட்டங்களை அடுக்கிவைத்துக்கொண்டு ஹெட்லி நின்றிருந்தான். இவ்வளவு ஏத்தினா உயரமா இருக்கறவங்க வந்தா என்ன பண்றது என்று அவள் கேட்டாள். "குனியட்டும்" என்றான். அப்போது அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஹெட்லி ஐந்தடி ஐந்தங்குலம். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது, அதை அவளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. கவுன்சிலில் அவனோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஓங்குதாங்கான ஆட்கள். அவர்கள் வீடு பார்க்க வந்தபோது ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் தாழ்த்திக் கூடத்துக்குள் வந்ததும், நடுவில் ஹெட்லி நிமிர்ந்து நின்று பீர் ஊற்றிக் கொடுத்ததும் அவளுக்குத் தெளிவாகக் கண்ணில் நின்றது. அவன் கெட்டவன் இல்லை. தனக்குச் சரியாக இருக்கிற ஒரே ஒரு இடத்தைக் கட்டிக்கொண்டான். அதற்காக அவன்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து, குனிய வேண்டியவர்களின் பட்டியலில் அவள் கட்டிக்கொண்ட ஆளும் சேர்ந்திருக்கிறார் என்பதும் உண்மைதான்.

வரலாற்றுக் கட்டடம் என்பதால் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. போன் செய்தாள். இளம் அதிகாரி ஒருத்தி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உத்தரம், சுவர், பழைய தளம், இவற்றையெல்லாம் தொடவே கூடாது. "மேல இருக்கற மரத்தரைய தாராளமா எடுத்துக்கங்க. பழைய தளம் வெளிய தெரிஞ்சா எங்களுக்குச் சந்தோஷம்தான். இந்த மரம் தொண்ணூறுகள்ல போட்டது, இதுக்கு வரலாற்று மதிப்பு எதுவும் கிடையாது."

"என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் போட்டது" என்றாள் ஏவ்ரில்.

"ரொம்ப அழகான வேல" என்றாள் அதிகாரி அவசரமாக.

அனுமதி கிடைத்ததும் பிரையனிக்குப் போன் செய்தாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"அப்பாவப் பேத்து வெளிய போடப் போற."

"தரைய எடுக்கப் போறேன் பிரையனி."

"அதேதான். அந்த வீட்டுல அப்பா எங்க இருக்காரு, சொல்லு? கூரையிலயா? யார் கூரையப் பாக்கறாங்க? நான் அங்க வந்தா முதல்ல ஷூவக் கழட்டறேன், எதுக்குன்னு நெனைக்கற?" குரல் உடைந்தது, உடனே சரியானது. "அவருக்கு ஒரு சைக்கிள் ஹெல்மெட் வாங்கிக் குடு. நானே வாங்கித் தர்றேன்."

"அவர் மண்டையில ரெண்டு ஓட்ட போட்டிருக்காங்க."

"அது எனக்குத் தெரியும். அதுக்காக நான் வருத்தப்படலன்னு நெனைக்காத. ஆனா வேற வீடே இல்லையா ஊர்ல? ரெண்டு பேரும் எங்கயாவது போங்களேன். இத அப்படியே விட்டுட்டுப் போங்க."

"இத விட்டுட்டுப் போகவும் முடியல. அவர விட்டுட்டு இருக்கவும் முடியல. அதான் கடப்பாரை வாங்கியிருக்கேன்" என்றாள் ஏவ்ரில். மகள் போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை, நாற்காலி மேஜையெல்லாம் முற்றத்துக் கொட்டகைக்குப் போனபிறகு, ஏவ்ரில் தரையில் மண்டிபோட்டாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது. ஆளை வைத்துச் செய்யலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வேறு ஒருவன் இதைப் பெயர்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. மரக்குமிழை உளியால் குடைந்தெடுத்து, உள்ளே ஸ்க்ரூவைத் தேடி, திருகி, பிறகு கடப்பாரையை நுழைத்து நெம்ப வேண்டும். ஹெட்லி எதையும் பாதியாகச் செய்பவன் இல்லை. முதல் பலகைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வாய்விட்டு, "நாசமாப் போறவனே, இத்தன ஸ்க்ரூ எதுக்குடா" என்றாள். இறந்தபிறகு அவனிடம் அவள் சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை. பலகை புரண்டபோது அடிப்பக்கத்தில் தடித்த பென்சிலால் எண் போட்டிருந்தது. ஒன்று. அடுத்ததில் இரண்டு. கீழே மரத்தூள், ஒரு உலர்ந்த எலி, சாம்பல் பூத்த பஞ்சு. அதையெல்லாம் அள்ளியபிறகு பழைய தளம் வெளிறிய ரோஜா நிறத்தில், உள்ளங்கை போல வழவழப்பாக இருந்தது. துடுப்புகள் உரசிய கோடுகள் நீளநீளமாக ஓடின. ராய்டனுக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. தினமும் மாலையில் போனில் வெங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தொன்பதாவது பலகையை நெம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. பிரையனி வந்து நிலைப்படியில் நின்றாள். மிருக வைத்தியசாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. பெயர்ந்த இடத்தையும், சுவரோரம் அடுக்கிய பலகைகளையும், தலையில் தூசியோடு உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று ஏவ்ரிலுக்குத் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொள்ளாமல் காத்திருந்தாள். பலகையின் ஒரு முனை கடப்பாரையில் பாதி தூக்கியபடி, முறுக்கிக்கொண்டு நின்றது.

"அப்படியே நெம்பாத" என்றாள் பிரையனி. "பிளந்துடும். மறுமுனைல இன்னொரு ஸ்க்ரூ இருக்கு."

"இல்ல, எடுத்துட்டேன்."

"சுவரடில ஒண்ணு இருக்கும். அவர் எப்பவும் அங்க ஒண்ணு போடுவாரு. நகரு."

ஷூவைக் கழற்றப் போனவள், கழற்றுவதற்குத் தரை இல்லை என்பதைப் பார்த்து அப்படியே இறங்கினாள். சுவரடியில் விரலால் தடவினாள். இருந்தது. அன்று முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பிரையனி எடுக்கிற மரக்குமிழ்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே இருந்தாள், பை பிதுங்கியதும் ஒரு ஜாடி கேட்டாள். மதியம் நின்றபடியே சீஸும் ஊறுகாயும் வைத்து ரொட்டி தின்றார்கள். அப்போதுதான் அவள் சொன்னாள்: "நான் மனசு மாறி வரல. நீ உடைச்சுடுவேன்னு வந்தேன்."

"தெரியும்."

"இதெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன்."

"எங்க வைப்ப? உனக்கு இருக்கறதே ஒரு ரூம்."

"தெரியல. வைப்பேன்."

சனிக்கிழமை பதினொன்றரை மணிப் பேருந்தில் ராய்டன் வந்து இறங்கினார். கோடைக்கு மெல்லிய சட்டைகளை எடுத்துப்போக வந்தவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, பழக்கத்தில் தலையைத் தாழ்த்தி உள்ளே வந்து, அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார். கூடத்தில் முக்கால்வாசி தரை இல்லை. கீழே தாயும் மகளும் மண்டிபோட்டிருந்தார்கள். அவருடைய தலை மழிக்கப்பட்டு, முடி அரைகுறையாக முளைத்து, இரண்டு பக்கமும் தையல் தடம் தெரிந்தது. பிரையனி அதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்ன பண்ணிட்ட ஏவ்ரில்?" என்றார்.

"பாத்தா தெரியல?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. "நான் எப்பவாச்சும் கேட்டேனா இத? அந்த மனுஷன் முட்டிபோட்டுப் போட்ட தரை. நான் நடுவுல வந்தவன். செத்தவன் தரையப் பேத்துட்டு நடந்தான்னு நாளைக்கு பப்புல நான் எப்படி உக்காருவேன்? இந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்!"

"அதனாலதான் கேக்கல. ரெண்டு வருஷம் நீ உத்தரத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத் திரிஞ்ச. ஒரு தடவ எனக்குக் கோவம் வர்ற மாதிரி எதாவது சொல்லியிருக்கலாம்ல? இந்த வீடு வேணாம்னு கத்தியிருக்கலாம்ல? நான் அந்த நர்ஸ் முன்னால..." ஏவ்ரில் நிறுத்திக்கொண்டாள். கடப்பாரையைக் கீழே வைத்தாள், அது பழைய தளத்தில் கணீரென்றது.

பிரையனிதான் எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இறங்குங்க" என்றாள் அவரிடம்.

"இல்லம்மா, நான்..."

"ரெண்டு நாள் லீவு போட்டு முதுகு ஒடஞ்சிருக்கு. எடுத்தது எடுத்தாச்சு. இங்க, முதல் உத்தரத்துக்குக் கீழ வந்து நில்லுங்க, ராய்டன். சரியா வருதான்னு பாக்கணும். வராம போச்சுன்னா அப்புறம் இருக்கு எங்கம்மாவுக்கு."

அவர் ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஐந்து அங்குலம் கீழே இறங்கினார். உத்தரத்தடியில் போய் நின்றார், தோள் மடங்கியபடிதான். பிரையனி காத்திருந்தாள். "நிமிருங்க" என்றாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணை இறுக்கிக்கொண்டு, இடியை எதிர்பார்க்கிறவர் போல நிமிர்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிரையனி எட்டி, அவர் தலைக்கும் மரத்துக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தது. விரல்கள் அந்தத் தையல் தடத்துக்கு மேலே ஒரு கணம் நின்றன, பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"டீ போடறேன்" என்று ஏவ்ரில் சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள். அங்கிருந்து பார்க்கும்போது ராய்டன் அடுத்த உத்தரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அதன் அடிக்கு வரும்போது தலை தானாகத் தாழ்ந்தது. அவசியமே இல்லாமல் குனிந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தார்.

மூன்று மணிக்குப் பிரையனி கிளம்ப வேண்டும். யாரிடமோ கடன் வாங்கிவந்த கம்பிச் சட்டத்தைக் கார்க் கூரையில் மாட்டி, முதல் பன்னிரண்டு பலகைகளை ஏற்றினாள். எண் வரிசைப்படி. மிச்சத்தை அடுத்தடுத்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தவளை, பாரம் தூக்கக் கூடாது என்று திட்டுவாங்கி ஓரமாக நின்றிருந்த ராய்டன் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்கவில்லை.

"அது நிக்காதும்மா. முதல் திருப்பத்துலயே முன்னால வழுக்கும்."

"நாலு முடிச்சு போட்டிருக்கேனே."

"நாப்பது போட்டாலும் அப்படித்தான். குடு."

அவள் கயிற்றைக் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் அவிழ்த்தார். நடுவில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் கயிற்றை நுழைத்துக் கீழே இழுத்தார், பலகைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் சத்தம் கேட்டது. பின்பக்கம் இரண்டடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்து, சிவப்பாக ஏதாவது வேண்டும் என்றார். ஏவ்ரில் சமையலறையிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். அதைக் கட்டினார். பலகை முனைகளை ஒருமுறை உள்ளங்கையால் தட்டி, அசைகிறதா என்று பார்த்தார்.

"நாப்பது மைல் வேகத்துக்கு மேல போகாத" என்றார். "பாதி வழியில நிறுத்திக் கயித்தத் தொட்டுப் பாரு. தளர்ந்திருந்தா இந்த முனைய மட்டும் இழு. மத்தத அவுக்காத."

"சரி."

"ஓக் கனம். பிரேக்க முன்கூட்டியே போடு."

"சரி, ராய்டன்" என்றாள் பிரையனி. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவரிடம் கைநீட்டுவதா என்ன செய்வதென்று தெரியாமல், காரில் ஏறிக்கொண்டாள்.

கார் சந்திலிருந்து மெதுவாக வெளியேறியது. ராய்டன் அவ்வளவு தூரமும் நடந்து, சாலை நடுவில் போய் நின்று, பாரம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஏவ்ரில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கோயில் திருப்பத்தில் பிரேக் விளக்கு எரிந்தது, ஏறக்குறைய நின்றது, பலகைகளின் முனை ஒரு தடவை தாழ்ந்து எழுந்தது. பிறகு கார் வேலிக்குப் பின்னால் மறைந்தது. வேலிக்கு மேலே அந்தச் சிவப்புத் துண்டு மட்டும், எதிலும் கட்டப்படாதது போல, கொஞ்ச தூரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.